போர்டு அக்கா உட்காரவில்லை

டெலிபோன் போர்டில் இருப்பவர்கள் உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். எங்கள் அலுவலகத்துப் போர்டு அக்கா நின்றுகொண்டே செய்தார். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது அந்த அலுவலகம். தண்ணீர் மோட்டார்களை மொத்தமாக வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், கல்யாணத்துக்கு முன்னால், நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் மேசையை ஒட்டித்தான் போர்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பு எதுவானாலும் முதலில் அங்கே வரும். அக்கா எடுத்துப் பேசி, உள்ளே யாருக்கு வேண்டுமோ அவருக்கு இணைப்புக் கொடுப்பார். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அவருக்குப் பெயர் இருந்தது. முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் போர்டு அக்காதான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான தேகம். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தச் சுருள் வயர் எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம் நடப்பார். ஜன்னல் வரைக்கும் போவார். வயர் இழுக்கும், திரும்புவார். கையில் எப்போதும் ஒரு துணி. மேசையைத் துடைப்பார், போர்டைத் துடைப்பார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பார். மத்தியானச் சாப்பாடும் நின்றபடியேதான். பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கும் எனக்குத் தலை சுற்றும்.

அவருடைய நாற்காலியில் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி வைத்திருந்தார். சேர்ந்த புதிதில், உதவியாக இருக்கட்டுமே என்று கேட்டேன்.

"அக்கா, இதையெல்லாம் எடுத்து அலமாரியில வச்சிடட்டுமா? நீங்க உக்காரலாமே."

"இன்னா அவசரம்? அது அங்கியே கெடக்கட்டும்."

சொன்ன விதத்தில் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அவருக்கு இரண்டு குரல். போனில் பேசுவது ஒன்று: தேன் மாதிரி, அளவாக, ஒரு எழுத்துப் பிசகாத இங்கிலீஷ். ரிசீவரை வைத்ததும் சாந்தோம் கடற்கரைத் தெருவின் குரல் வந்துவிடும். ஒரு குரலிலிருந்து மற்றதற்கு அவர் தாவும் வேகத்தைப் பார்த்துச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். ஆனால் ஒருவருக்கு அழைப்பு வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

அவர் எங்கள் மானேஜர். ஆழ்வார்பேட்டையில் வீடு. குரலை உயர்த்தாதவர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் விசாரிப்பார். அவரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு வரும் அழைப்பை மட்டும் அக்கா உடனே கொடுக்க மாட்டார். "ப்ளீஸ் ஹோல்ட் ஆன்" என்று தேன் குரலில் சொல்லிவிட்டு ஒரு பட்டனை அழுத்துவார். போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மானேஜர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். அக்கா துணியை எடுத்து மேசையைத் துடைப்பார்.

மானேஜரே கூப்பிட்டு, "கோயம்புத்தூர் கொஞ்சம் போட்டுக் குடும்மா" என்பார். "ட்ரை பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் போய்விடுவார். ஒரு எண்ணைக்கூட அழுத்தியிருக்க மாட்டார்.

ஒருமுறை கேட்டுவிட்டேன். "பாவம் அக்கா, காத்துக்கிட்டே இருக்காரு."

"இருக்கட்டும். காத்துக்கினு இருந்தா உயிரா போயிடும்?"

இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

நான் மந்தைவெளி, அவர் சாந்தோம். சாயங்காலம் ஒரே பக்கம்தான் போக வேண்டும். அவருக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கப் பிடிக்காது. அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளலாம் என்று நடக்க ஆரம்பிப்பார். அந்த ஸ்டாப் வந்தால் அதற்கடுத்தது. "சும்மா நின்னுக்கினு இருந்தா மண்டைக்குள்ள ஓடுதும்மா," என்பார். வெங்கட்நாராயணா சாலையில் அப்படி நடந்து போன ஒரு நாளில்தான், நான் கேட்காமலே சொன்னார்.

அவருடைய கணவர் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்த்திருக்கிறார். ஆதம்பாக்கத்தில் இருக்கும் கோடவுனில் ஸ்டோர் கீப்பர். ஒரு மார்ச் மாதக் கடைசி. காலையிலேயே நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். மத்தியானம் வலி அதிகமாகி, தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து மானேஜரிடம் கேட்டிருக்கிறார், வீட்டுக்குப் போகட்டுமா என்று.

"லாரி வந்துக்கினு கீது, வர்ற வரைக்கும் இரு, எறக்கிட்டுப் போன்னாராம். இவரும் சரி சார்னுட்டு, மோட்டார் பெட்டி மேல உக்காந்துக்கினு இருந்திருக்காரு. உக்காந்துக்கினே போயிட்டாரு."

ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. அக்கா ஒதுங்கக்கூட இல்லை.

"காரியம் முடிஞ்சதும் கூப்பிட்டு எனக்கு இந்த வேலையக் குடுத்தாங்க. அந்தாளுதான் முதலாளிகிட்ட பேசி வாங்கிக் குடுத்தாராம். எம் பொண்ணுக்கு அப்போ ஆறு வயசு. வேணாம்னு சொல்ல முடியுமா? வந்தேன். நல்ல நாற்காலிதான். சுத்துற நாற்காலி. புருஷனை எடுத்துக்கினு நாற்காலி குடுத்தாங்க. நான் அதுல உக்காந்துட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு ஆயிடும். ஆவக் கூடாது."

அன்று நந்தனம் வரை அவருக்கு ஈடுகொடுத்து நடக்க முடியாமல் ஓடினேன்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சிவப்பு விளக்கை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் நாளாக நாளாக எனக்கு அவரிடம் ஒரு பயம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் அவசரமான அழைப்பு தாமதமாகி, முதலாளி மானேஜரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். மானேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். அக்கா போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், வாய்க்குள் ஏதோ பாட்டு. இன்னொரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு மானேஜர் அவருடைய மகளுக்கென்று ஒரு கேக் பெட்டி கொடுத்தனுப்பினார். அக்கா அதை மேசை மூலையில் வைத்தார். அடுத்த நாளும் அங்கேயே இருந்தது. எறும்பு வரிசை கட்டி ஏறியது. நான் தட்டிவிடப் போனேன்.

"வுடு. அதுங்க துன்னட்டும். அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

இத்தனைக்கும் அவர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். சாந்தோம் பக்கத்துச் சின்ன மாதா கோயில் ஒன்று. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. அன்று சாயங்காலப் பூசைக்குப் போவார். எங்கள் வீட்டில் கபாலி கோயிலைத் தவிர வேறு எங்கும் போனதில்லை. எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஒருநாள் கூடப் போனேன்.

கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி நின்றார். எல்லோரும் உட்காரும்போதும் நின்றார். பூசையின் நடுவில் எல்லோரும் எழுந்து, கையை விரித்துக்கொண்டு ஒரு செபத்தைச் சொன்னார்கள். வானத்தில் இருக்கிற தகப்பனைக் கூப்பிடும் செபம். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அக்கா இல்லை. வெளியே வேப்ப மரத்தடியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். செபம் முடிந்ததும் உள்ளே வந்தார். பிறகு எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போனபோது அவர் போகவில்லை.

"ஏன் அக்கா வெளியில போனீங்க?"

"அதுல ஒரு எடம் வருது. நாங்க மத்தவங்கள மன்னிக்கிற மாதிரி எங்கள மன்னியும்னு கேக்கணும். நான் மன்னிக்கல. அப்போ இன்னா கேக்குறேன்? என்னை மன்னிக்காதேன்னுதானே? சாமி முன்னால நின்னுக்கினு பொய் சொல்ல மாட்டேன்."

பூசை முடிந்து வாசலில் நின்ற வயதான ஃபாதர் அவரைப் பார்த்துவிட்டார்.

"இன்னிக்கும் வெளிய போயிட்டியா?"

"போயிட்டேன் ஃபாதர்."

"சரி. அடுத்த வாரமும் வா. வெளிய போறதுக்காவது வா."

அக்காவுக்குக் கோபம் வந்தது. "எனக்கு மன்னிக்கணும்னு ஆசைகூட வரல ஃபாதர். நான் இன்னா பண்ணட்டும்?"

"அப்ப அந்த ஆசையைக் கேளு. பெரிசா ஒண்ணும் கேக்க வேணாம். அந்த ஆசை வேணும்னு மட்டும் கேளு."

தெருவுக்கு வந்ததும் அக்கா பொரிந்தார். "அவருக்கு இன்னா, சாமியாரு. பொண்டாட்டியா புள்ளையா. சொல்லிட்டுப் போயிடுவாரு." ஆனால் கடற்கரை லூப் ரோடு வரும்வரை மெதுவாகவே நடந்தார்.

அந்த வருஷம் நவம்பரில் மழை விடாமல் பெய்தது. தி. நகரில் முழங்கால் வரை தண்ணீர். டெலிபோன் லைன்கள் ஒன்றொன்றாகச் செத்தன. மானேஜரின் அறையில் இருந்த தனி லைனும் ஊமையாகிவிட்டது. போர்டில் மட்டும் இரண்டு லைன் உயிரோடு இருந்தது. பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் ஒரு அழைப்பு. அக்கா எடுத்தார். மானேஜரின் மனைவி. அவர் எப்போதும் அந்தத் தனி லைனில்தான் பேசுவார்.

"ஒன் மினிட் மேடம்," என்றார் அக்கா. பட்டனை அழுத்தினார். விளக்கு மினுக்கியது. துணியை எடுத்தார்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மானேஜர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"யாரு அக்கா?"

"அவங்க வூட்டுல இருந்து. அவசரமாம்."

ஜன்னல் வரை நடந்தார். கீழே யாரோ ஒரு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போவதை வேடிக்கை பார்த்தார். திரும்பி வரும்போது விளக்கு அணைந்திருந்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் போயிற்று. மறுபடியும் மணி. எடுத்தார். இந்தத் தடவை அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தமாக அழுதார்.

"ஏம்மா லைனைக் குடுக்கலை? அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கறதும்மா. ஒரு ஆட்டோ கிடைக்கலை. அவரை வண்டியை எடுத்துண்டு வரச் சொல்லும்மா."

அக்கா ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினார். கண்ணாடிக் கதவு சுவரில் மோதியது. "சார், வூட்டுக்குப் போங்க. பெரியவருக்கு நெஞ்சுவலி." மானேஜர் செருப்பைத் தேடாமல் படியிறங்கினார். அக்கா திரும்பி வந்தார். தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்து, "கெளம்பிட்டாரும்மா, வந்துடுவாரு" என்றார். தேன் குரல் இல்லை. மானேஜர் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போட்டு, கட்டில் தயாராக வைக்கச் சொன்னார். பிறகு போர்டின் முன்னால் நின்றார். நடக்கவில்லை. துடைக்கவில்லை. அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் தண்ணீரில் நடந்து போனோம். குடை அவர் கையில் மடக்கியபடியே இருந்தது.

"செத்துட்டாருன்னா?" என்றார்.

"ஒண்ணும் ஆகாது அக்கா."

"செத்துட்டாருன்னா?" மறுபடியும் அதே கேள்விதான். நந்தனம் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. நான்தான் போர்டைப் பார்த்தேன். மானேஜர் போனில் சொன்னார்: அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஆபத்தில்லை, நேரத்தோடு கொண்டுவந்துவிட்டோம் என்கிறார்கள். அதற்கடுத்த நாள் அக்கா வந்ததும் இதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டார். கண் ரெண்டும் தூங்காமல் சிவந்திருந்தது.

"நேரத்தோடன்னா சொன்னாரு?"

"ஆமா அக்கா."

"நேரத்தோட இல்லம்மா. அது அவருக்குத் தெரியாது."

அந்த வாரம் முழுவதும் அவர் பக்கத்தில் இருக்க முடியவில்லை. யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தார். ஒருவருக்கு வந்த அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். சனிக்கிழமை கோயிலுக்கு என்னையும் கூடவே வரச் சொன்னார். பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஃபாதரிடம் போனார். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"ரெண்டாவது வாட்டி அந்தம்மா அழுதாங்கல்ல, நெஞ்சுவலின்னு. அப்போ எனக்குள்ள முதல்ல இன்னா வந்துச்சு தெரியுமா? இப்பத் தெரியும்டா உனக்குன்னு வந்துச்சு. ஒரே ஒரு நொடி. அப்புறம்தான் ஓடுனேன். அந்த ஒரு நொடியத்தான் ஃபாதர்கிட்ட சொன்னேன்."

நான் எழுந்து நின்றேன்.

"திங்கக்கிழமை அவராண்ட போய்ச் சொல்லப் போறேன்."

"யார்கிட்ட? மானேஜர்கிட்டயா? எதுக்கு அக்கா? வேலை போயிடும். பெரியவர்தான் பொழச்சுட்டாரே."

"அதாம்மா. எனக்குப் பொழச்சிக்கினாரு. அவருக்கு எம் புருஷன் பொழைக்கல. அவ்ளோதான் வித்தியாசம். ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதான். சாமி என் கையப் புடிச்சி இழுத்துக்கினாரு. அந்தாளு கைய ஏன் புடிக்கலன்னு எனக்குத் தெரியல. அத சாமியாண்ட கேட்டுக்கினேதான் இருப்பேன். ஆனா என் கையப் புடிச்சாரும்மா. அதுக்கப்புறம் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு நான் அந்தாளைப் பேசுறது?"

"ஃபாதர் போகச் சொன்னாரா?"

"இல்ல. நீயே யோசின்னாரு."

திங்கட்கிழமை என்னைப் போர்டில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். கதவை மூடவில்லை. மானேஜர் அப்பாவின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அன்னிக்கு உங்க வூட்டுல இருந்து ரெண்டு வாட்டி கால் வந்துச்சு. மொத வாட்டி உங்களுக்குக் குடுக்கல. அவசரம்னு அம்மா சொன்னாங்க. அப்பவும் வேணும்னேதான் ஹோல்டுல போட்டேன்."

மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"உங்களுக்கு வர்றது எல்லாத்தையும் அப்படித்தான் போடுவேன் சார். வேலைக்கு வந்த நாள்ல இருந்து."

அவர் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "எங்கப்பா போயிருந்தார்னா என்னம்மா பண்ணியிருப்பே? சொல்லு. என்ன பண்ணியிருப்பே?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா?"

"எங்க வூட்டுக்காரரு போனப்போ நீங்க இன்னா பண்ணீங்கன்னு நான் கேக்க வரல சார். அதைக் கேட்டுக்கினே இத்தினி வருஷம் ஓடிப்போச்சு. நான் பண்ணதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். வேலைய விட்டு அனுப்புனாலும் சரி."

போர்டில் மணி அடித்தது. எடுத்து யாருக்கோ கொடுத்தேன். திரும்பியபோது மானேஜர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"அந்த லாரி அன்னிக்கு வரவே இல்லை. வழியில நின்னுடுத்து. மறுநாள்தான் வந்தது."

"தெரியும் சார். கோடவுன் ஆளுங்க சொன்னாங்க."

"நெஞ்சு வலின்னார். வாயுவா இருக்கும்னு நெனச்சேன். ஒரு சோடா வாங்கிக் குடிங்கோன்னேன். சிரிச்சுண்டே சொன்னேன்."

"இது எனக்குத் தெரியாது சார்," என்றார் அக்கா. "பக்கத்துல சோடா பாட்டில் கெடந்துச்சுன்னாங்க. அவரு சோடா குடிக்க மாட்டாரு. எதுக்கு வாங்குனாருன்னு நெனச்சிக்கினே இருப்பேன்."

மானேஜர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா வெளியே வந்து, என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

மானேஜர் இதை முதலாளியிடம் சொல்லவில்லை. அக்காவின் வேலையும் போகவில்லை. அதற்காக இருவரும் சிநேகமாகிவிட்டார்கள் என்றும் இல்லை. கொஞ்ச நாளைக்கு ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். மானேஜர் வெளியூருக்குப் பேச வேண்டியதையெல்லாம் தன் தனி லைனிலேயே பேசிக்கொண்டார். மெல்ல மெல்லத்தான் போர்டு வழியாகக் கேட்க ஆரம்பித்தார். அக்கா உடனே போட்டுக் கொடுத்தார். டைரக்டரிகள் அலமாரிக்குப் போயின. பள்ளி விடுமுறையில் அக்காவின் மகள் வந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவாள். அக்கா நின்றார்.

"இன்னும் கோவமா அக்கா?"

"கால் பழகிடுச்சும்மா. உக்காந்தா இடுப்பு வலிக்குது."

கோயிலில் அந்தச் செபத்தின்போது அவர் வெளியே போகாத முதல் சனிக்கிழமையும் நான் கூட இருந்தேன். அந்த இடம் வந்தபோது அவர் வாய் அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. வரிசையில் போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் மண்டியிட்டிருந்தார். முன் வரிசைக் குழந்தை ஒன்று திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தது.

அதோடு எல்லாம் கரைந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சில நாள் காலையில் முகம் இறுகிப்போய் வருவார். "இன்னிக்கு மறுபடியும் அந்தக் கோவம் வந்துச்சும்மா. பஸ்ஸுல வரும்போது. எங்க வூட்டுக்காரரு சட்டை கலர்ல யாரோ போனாங்க. அவ்ளோதான், அப்படியே பத்திக்கினு வந்துச்சு." என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். "இன்னா செய்யிறது? சாமி, தோ மறுபடியும் வந்துடுச்சு, எடுத்துக்கோன்னேன். எடுத்துக்கினாரு. நாளைக்கும் வரும். நாளைக்கும் குடுப்பேன்." வேகமாக நடந்துகொண்டே சொல்வார். நான் பின்னாலேயே ஓடுவேன்.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள், மானேஜர் போர்டுக்கு அருகில் வந்து நின்றார். அவர் அப்படி வந்து நிற்கிற வழக்கம் இல்லை.

"உன் வீட்டுக்காரரை எங்கே அடக்கம் பண்ணியிருக்கும்மா?"

அக்கா இடத்தைச் சொன்னார்.

"நான் வரலாமா? நாங்கள்லாம் அங்க வரலாமா?"

"வாங்க சார்," என்றார் அக்கா. அன்று முழுவதும் துணியும் கையுமாகவே இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் நானும் போனேன். மந்தைவெளியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கல்லறைத் தோட்டம் திருவிழா மாதிரி இருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், செவ்வந்தி, ஊதுவத்திப் புகை, குடும்பம் குடும்பமாக ஜனங்கள். அக்காவும் மகளும் ஒரு சின்னச் சிமெண்ட் மேடையைக் கழுவிவிட்டு, உதிரிப் பூவைச் சிலுவை வடிவில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்துப் பதினொரு வயது. அப்பா வேலையிடத்தில் இறந்துபோனார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மானேஜர் வெள்ளை வேட்டியில் வந்தார். கையில் மயிலாப்பூரில் வாங்கிய பெரிய ரோஜா மாலை. எங்கே மிதிப்பது, எங்கே மிதிக்கக் கூடாது என்று தெரியாமல் கல்லறைகளுக்கு நடுவில் தடுமாறி வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. சிமெண்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். உதடு அசைந்தது. மாலையைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இவரு யாரு?"

மானேஜர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லட்டும் என்று காத்திருக்கிறவர்போல இருந்தது. அக்கா கையிலிருந்த பூவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அப்பாவோட வேலை செஞ்சவரு," என்றார். "அப்பாவைப் பார்க்க வந்திருக்காரு. வணக்கம் சொல்லு."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். மானேஜர் தலையை மட்டும் அசைத்தார். அவள் பூக்கூடையைத் தூக்கி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அங்கிள், மாலையை அம்மாகிட்ட குடுத்துட்டு, சிலுவையோட அந்தக் கைப் பக்கம் நீங்க பூப் போட்டுட்டு வாங்க. நான் இந்தப் பக்கம் போடறேன். காத்து அடிக்குது, நல்லா அழுத்திப் போடணும்."

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அந்த ஈர மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.